ஒரு பழைய கீபோர்டுக்கு இரண்டு தலையாட்டல்

போன மாதம் செல்வி என்னை வீடியோ எடுக்கப் பார்த்தாள். செல்வி எங்கள் முதலாளி முனிரத்தினம் அண்ணனின் மகள். செகந்திராபாத்தில் அவர் நடத்திய இசைக்கருவிக் கடையை இப்போது அவள்தான் நடத்துகிறாள். என் உழைப்புக் காலம் முழுவதும் அந்தக் கடையில்தான் போயிற்று. கனமான பெட்டிகளைத் தூக்கமாட்டேன் என்று முதுகு சொல்லிவிட்டதால் போன வருடம் நின்றுகொண்டேன்.

"மாமா, கடைக்கு வர்றவங்க எல்லாம் ஒரே கேள்விதான் கேக்கறாங்க. கம்மி பட்ஜெட்ல கீபோர்டு புதுசு வாங்கலாமா, செகண்ட் ஹேண்ட் வாங்கலாமான்னு. நீங்க ரெண்டு வார்த்தை பேசுங்க, நான் போன்ல போட்டுடறேன்" என்றாள்.

நான் ஒரு கீபோர்டின் முன்னால் நின்றேன். அவள் போனைத் தூக்கினாள். எனக்கு வாய் திறக்கவில்லை. சும்மா நிற்கக் கூடாதே என்று கீபோர்டைப் போட்டு இடது கையால் வாசித்துக்கொண்டிருந்தேன். பிறகு வீடியோவைப் போட்டுப் பார்த்தோம். அசையாத ஒரு முகம், அதற்குச் சம்பந்தமில்லாமல் கீழே ஆடும் ஒரு கை.

"பேய்ப் படம் மாதிரி இருக்கு மாமா. எழுதியாவது குடுங்க" என்றாள் செல்வி.

அதனால் எழுதுகிறேன். ரயில்வே காலனித் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை படித்தவன் எழுதுவது. பிழை இருந்தால் செல்வி திருத்திக்கொள்வாள்.

என் அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருந்தார். யாராவது பெயரைக் கேட்டால் நான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய்விடுவேன். கடையில் விட்டால் பேச்சு வரும் என்று அப்பா முனிரத்தினம் அண்ணனிடம் கொண்டுபோய் விட்டார். பேச்சு வரவில்லை. அண்ணன் கொஞ்ச நாள் பார்த்தார்.

"இன்னா ரே குமாரு, கஸ்டமர் வந்தா கைக்கு ரே சேர் பின்னால போற? சரி, நீ பேச நக்கோ. பொத்தானை அமுக்கு, பெட்டி பேசட்டும்" என்றார். குடியாத்தத்துக் குடும்பம். ஆனால் மூன்று தலைமுறையாக மெட்டுகுடாவாசிகள். அவர் பேச்சில் பாதி அங்கத்துத் தமிழ், பாதி இங்கத்து உருது. 'கைக்கு' என்றால் ஏன், 'நக்கோ' என்றால் வேண்டாம்.

நாங்கள் அதிகமாக விற்றது அரேஞ்சர் கீபோர்டு. இடது பக்கம் மூன்று கீயைச் சேர்த்துப் பிடித்தால் போதும், தபலா, கிடார், வயலின் என்று உள்ளேயிருந்து ஒரு குழுவே கிளம்பி வாசிக்கும். வலது கையால் பாட்டை வாசித்துக்கொள்ள வேண்டியதுதான். எனக்குப் பாட்டு வாசிக்கத் தெரியாது. இடது கை வேலையை மட்டும் நன்றாகப் பழகிக்கொண்டேன். பேச வேண்டிய இடத்தில் எல்லாம் இடது கையை வைத்தேன். குழு கிளம்பியதும் வாங்க வந்தவர் தலையை ஆட்டுவார், நானும் ஆட்டுவேன். அதுதான் என் வியாபாரம்.

பழைய கீபோர்டு வாங்குவதில் முனிரத்தினம் அண்ணனுக்கு ஒரு முறை இருந்தது. செல்வி கேட்ட கேள்விக்குப் பதில் அதிலேயே இருக்கிறது.

விற்க வந்தவர் பெட்டியை மேசைமேல் வைத்ததும் அண்ணன் முதலில் அதை மோந்து பார்ப்பார். பூஞ்சை வாசம் வந்தால் மழைத் தண்ணீர் பார்த்த பெட்டி. ஊதுபத்தி வாசம் வந்தால் பூஜை அறைப் பெட்டி, உள்ளே விபூதி இருக்கும். அடுத்து கவிழ்த்துப் பிடித்து ஒரு குலுக்கு. ஊக்கு, கொண்டை ஊசி, வேர்க்கடலை எல்லாம் விழும். ஒருமுறை ஒரு பல் விழுந்தது. விற்க வந்தவர் அதைப் பார்த்துக் கண் கலங்கி, "எங்க பாப்பாவோட முதல் பல்லுங்க" என்று எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

பிறகு என் வேலை. ஒவ்வொரு கீயையும் முதலில் மெதுவாகத் தொட வேண்டும், பிறகு ஓங்கி அமுக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே சத்தம் வந்தால் தொடுதல் அறியாத மலிவுப் பெட்டி, அல்லது உள்ளே ரப்பர் போய்விட்டது. சத்தத்தை வளைக்கும் சக்கரத்தைத் திருப்பிவிட்டால் தானாக நடுவுக்கு வர வேண்டும். வராவிட்டால் எந்தப் பாட்டும் கொஞ்சம் அழுதுகொண்டே இருக்கும். அடாப்டர் அந்தப் பெட்டியுடையதுதானா, பழைய செட்டாப் பாக்ஸினுடையதா என்று பார்க்க வேண்டும். கடைசியாக நான் இடது கையால் ஒரு தாளத்தை ஓடவிடுவேன். அண்ணன் டீ கிளாஸை ஸ்பீக்கர்மேல் வைப்பார். டீயில் வட்டம் வட்டமாக ஒழுங்காக அலை வந்தால் ஸ்பீக்கர் நல்லது. தாறுமாறாகத் துள்ளினால் கிழிந்தது. டீ ஆறும் வரை தாளம் ஓட வேண்டும். சூடேறிய பிறகுதான் சில பெட்டிகள் புத்தியைக் காட்டும்.

வாங்க வருகிறவரிடம் அண்ணன் பட்ஜெட் கேட்கமாட்டார். "யாரு கேக்கப் போறாங்க?" என்பதுதான் அவர் கேள்வி. பிள்ளை கற்றுக்கொள்ள, கேட்கப்போவது அம்மா மட்டும் என்றால் சின்னதாகப் புதுசு எடுக்கச் சொல்வார். பில் இருக்கும், வாரன்டி இருக்கும், கெட்டுப்போனால் திட்டுவதற்குக் கம்பெனி இருக்கும். நாலு பேர் கூடும் இடத்தில் வாசிக்கப்போகிறார் என்றால், அதே பணத்துக்குப் பழசில் பெரிதாக எடுக்கச் சொல்வார். லாக்டவுனில் வாங்கியவர்கள் விற்க ஆரம்பித்த பிறகு அந்தப் பெட்டிகளுக்குத் தனி மரியாதை கொடுத்தார். "பேட்டா, இது வாசிச்ச பெட்டி இல்ல, வருத்தப்பட்ட பெட்டி" என்பார். திரைமேல் ஒட்டிய பிளாஸ்டிக்கூட உரிக்காமல் வரும். பிறந்தநாள் பாட்டுக்குத் தேவையான நடுக் கீகளில் மட்டும் லேசான அழுக்கு இருக்கும்.

வாசித்து முடித்ததும் எந்தப் பெட்டியானாலும் சுவிட்சை அணைத்துவிட வேண்டும் என்றும் ஒரு விதி உண்டு. அது அண்ணனே பட்டுக் கற்றது. ஒரு ஆயுத பூஜைக்குக் கடையில் இருந்த பெரிய கீபோர்டுக்குச் சந்தனம், குங்குமம் வைத்தார். இடது பக்கம் கீயைத் தொட்டதும் தாளம் தானாகக் கிளம்பும்படி ஒரு பொத்தான் உண்டு. அது போட்டபடி இருந்தது. ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தபோது அண்ணன் பக்தியோடு ஒரு சீப்பு வாழைப்பழத்தை இடது பக்கம் வைத்தார். டிஸ்கோ கிளம்பிவிட்டது. நல்ல வேகமான டிஸ்கோ. பூஜைக்கு வைத்ததை நடுவில் எடுக்கக் கூடாது என்று அண்ணன் பழத்தைத் தொடவில்லை, எங்களையும் தொடவிடவில்லை. ஐயர் கொஞ்ச நேரம் தடுமாறினார். பிறகு மந்திரம் தாளத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. தீபாராதனைக்குள் மணி அடிப்பவர் தோளைக்கூட ஆட்டத் தொடங்கிவிட்டார்.

இனி நான் சொல்ல வந்த விஷயம்.

ஒரு கார்த்திகை மாதத்தில் ராமச்சந்திராபுரம் டவுன்ஷிப்பிலிருந்து கோமதி அம்மா என்பவர் இன்னும் இரண்டு பெண்களோடு கடைக்கு வந்தார். பெரிய தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்களின் குடும்பங்கள். திருநெல்வேலிப் பேச்சு. அன்று அண்ணன் கடையில் இல்லை. நான் சேருக்குப் பின்னால் போவதற்குள் கோமதி அம்மா பிடித்துவிட்டார்.

"எண்ணே, ஒரு கீபோர்டு வேணும். பழசுனாலும் சரி, நல்லதா இருக்கணும். ஆனா நாங்க வந்தது யாருக்கும் தெரியப்பிடாது" என்றார்.

நான் தலையாட்டினேன்.

"எங்க பஜனைக் கோஷ்டியில சபாபதி சார்னு ஒருத்தர் ஆர்மோனியம் வாசிக்காரு. ரிட்டையர்டு ஃபோர்மேன். தங்கமான மனுசன். ஆனா ஆறு கட்டைக்கு ஒரு இம்மி கீழ இறங்க மாட்டாருண்ணே. எத்தனை வருசமா உச்சாணியிலேயே பாடுதோம் தெரியுமா? மார்கழி முடிஞ்சா எங்க தொண்டையெல்லாம் செத்துப் போவுது."

கூட வந்தவர்களில் ஒருவர், "என் வீட்டுக்காரரு, போன்ல ஏதோ ஆம்பள பேசுதுன்னு கட் பண்ணிட்டாரு" என்றார்.

சுருதியைக் கட்டைக் கணக்கில்தான் சொல்வார்கள். எண் ஏற ஏறக் குரல் மேலே போக வேண்டும். இந்தப் பெண்களுக்கு நாலு கட்டை போதும். அவர் ஆறில் நின்றார். அதனால் கோமதி அம்மா ஒரு முடிவு செய்திருந்தார். ஒரு கீபோர்டு வாங்குவது, போனில் பார்த்துத் தானே இரண்டு விரலால் வாசிக்கக் கற்றுக்கொள்வது, மார்கழி முதல் நாள் அதைச் சபையில் வைத்துவிட்டு, "நீங்க ஓய்வு எடுங்க சார்" என்று சொல்லிவிடுவது. இதைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் இறங்கியது.

"பாவமாத்தான் இருக்கு. அவருக்கு வீட்ல யாரும் இல்ல. பஜனைதான் அவருக்கு எல்லாம். ஆனா எங்களுக்கும் தொண்டை ஒண்ணுதானேண்ணே?"

அப்போது கடையில் அருமையான ஒரு லாக்டவுன் பெட்டி இருந்தது. நல்ல ஆர்மோனியச் சத்தம், டோலக், தபலா எல்லாம் உள்ளே இருந்தது. இடது கையை வைத்துக் காட்டினேன். மூன்று பேரும் தலையை ஆட்டினார்கள். "சனிக்கிழமை வாரோம். வேற யாருக்கும் குடுத்துடாதீங்க" என்றார் கோமதி அம்மா. நான் தலையாட்டினேன்.

அந்த வாரமே ஒரு மத்தியானம் குல்லாயைக் காது வரை இழுத்துவிட்டுக்கொண்டு ஒரு பெரியவர் உள்ளே வந்தார். வாசலில் நின்று தெருவை இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார். குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"தம்பி, நான் டவுன்ஷிப்ல பஜனைக்கு ஆர்மோனியம் வாசிக்கிறவன். சபாபதின்னு பேரு. இடது தோள் இறுகிப்போச்சு. துருத்தி போட முடியல. பாட்டுக்கு நடுவுல காத்து நின்னுடுது. இருமற மாதிரி நடிச்சுச் சமாளிக்கிறேன். துருத்தி இல்லாத பெட்டி ஒண்ணு வேணும். ஆர்மோனியச் சத்தம் வரணும்."

நான் அந்த லாக்டவுன் பெட்டியைப் பார்க்காமல் இருக்க முயன்றேன். அவர் அதைப் பார்த்துவிட்டார். வலது கையால் வாசித்தார். அழகான விரல். ஆனால் இடது கை பழக்கத்தில் பெட்டியின் பின்னால் போய் இல்லாத துருத்தியைத் தேடி, காற்றைத் தள்ளித் தள்ளி இழுத்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தள்ளலுக்கும் தோள் வலித்து "ஸ்ஸ்" என்றார். தேவையே இல்லாத வலி. சொல்லலாம் என்று பார்த்தேன், வாய் வரவில்லை.

"கோஷ்டியில தெரிஞ்சா என்னை அனுப்பிடுவாங்க தம்பி. முடியாதவனை வச்சுக்கிட்டு என்ன செய்வாங்க? இதை எடுத்து வைங்க. சனிக்கிழமை வரேன். யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது."

நான் தலையாட்டினேன்.

சாயங்காலம் அண்ணன் வந்ததும் நடந்ததைச் சொன்னேன். அவரிடம் மட்டும் எனக்குப் பேச்சு வரும். டீ கிளாஸை வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"ஹவ் ரே! ஒரு பெட்டிக்கு ரெண்டு தலையாட்டலா? அதுவும் அந்தாளை வெளிய அனுப்புறதுக்கு ஒரு ஆட்டு, உள்ள வச்சுக்கிறதுக்கு ஒரு ஆட்டு!"

"போன் பண்ணி யாராவது ஒருத்தருக்குச் சொல்லிடுங்கண்ணே."

"இன்னா சொல்றது? அவரு வந்தாருன்னு அந்தம்மாகிட்டயா, அந்தம்மா வந்துச்சுன்னு அவருகிட்டயா? ரெண்டு பேரும் யாருக்கும் சொல்லாதேன்னுட்டாங்க. நக்கோ பாபா. நீ ஆட்டுன தலை, நீயே பாத்துக்கோ."

சனிக்கிழமை காலை சபாபதி சார் முதலில் வந்துவிட்டார். இன்னொரு தடவை நன்றாக வாசித்துப் பார்க்க வேண்டும், ஆனால் தெருவுக்குக் கேட்கக் கூடாது என்றார். கடையின் பின்பக்கம் உட்கார வைத்து ஹெட்போனை மாட்டிவிட்டேன். அதை மாட்டினால் பெட்டியின் சத்தம் வெளியே வராது, மாட்டியவருக்கு மட்டும்தான் கேட்கும். ரகசியத்துக்கு நல்ல ஏற்பாடு என்று நினைத்தேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கத் தொடங்கினார். வெளியே கீகளின் "டக் டக்" மட்டும் கேட்டது. பிறகு அவர் பாடத் தொடங்கினார். ஹெட்போன் மாட்டிக்கொண்டு பாடுகிறவருக்குத் தன் குரல் எவ்வளவு போகிறது என்று தெரியாது. ஆறு கட்டையில், வாத்தியமே இல்லாமல், தனியாக ஒரு குரல் கடையைக் கிழித்துக்கொண்டு வெளியே போயிற்று. எதிர்ப்பக்கம் பழக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

அந்த நேரத்தில்தான் கோமதி அம்மாவும் மற்ற இருவரும் படியேறி வந்தார்கள். குரலைக் கேட்டதும் கோமதி அம்மா அப்படியே நின்றார்.

"ஏளா, இது நம்ம மனுசன் தொண்டையில்லா!"

மூன்று பேரும் தபலாக்கள் அடுக்கிய அலமாரியின் பின்னால் பதுங்கினார்கள். அண்ணன் கல்லாவில் உட்கார்ந்து பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். பேப்பர் குலுங்கியது. சிரிக்கிறார்.

சபாபதி சார் பாட்டை நிறுத்தினார். ஹெட்போன் காதிலேயே இருந்தது. எனக்கு மட்டும் சொல்வதாக நினைத்துக்கொண்டு, கூட்டத்தில் பேசுவதுபோல் கத்தினார்.

"தம்பி! ஆறு கட்டை எனக்கே தாங்கலை! தொண்டை எரியுது! ஆனா எங்க கோஷ்டியில கோமதி அம்மான்னு ஒருத்தங்க இருக்காங்க! முத வருஷம் ஒரு நாள் மேல் ஸ்தாயியில ஒரு இழுப்பு இழுத்தாங்க பாருங்க! அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்! இந்தக் குரலுக்கு ஆறுக்குக் குறைஞ்சு வாசிக்கக் கூடாதுன்னு! இப்ப என் விரலுக்கும் ஆறு மட்டும்தான் வரும், வேற எதுலயும் போகாது! அந்தம்மா பாட்டுக்காகத்தான் தம்பி இந்த வயசுல பெட்டியை விடமாட்டேங்கிறேன்!"

அலமாரியின் பின்னால் ஒரு தபலா உருண்டது.

கோமதி அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். "அன்னிக்குக் காலுல எறும்பு கடிச்சுச்சு. அதுல இழுத்ததுளா" என்று பக்கத்தில் இருந்தவரிடம் கிசுகிசுத்தார். அவர் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் என்னைப் பார்த்தார். சபாபதி சாரும் கண்ணைத் திறந்து பதிலுக்காக என்னைப் பார்த்தார். அண்ணன் பேப்பருக்கு மேலாகப் பார்த்தார். யாராவது ஏதாவது சொல்ல வேண்டிய நேரம் அது. சொல்ல வேண்டியவன் நான்.

எனக்கு வாய் வரவில்லை. கை வந்தது.

"இன்னொரு தடவை வாசிங்க" என்று சைகை காட்டினேன். அவர் கண்ணை மூடித் தொடங்கினார். எல்லாக் கீபோர்டிலும் ட்ரான்ஸ்போஸ் என்று ஒரு பொத்தான் உண்டு. விரல் அதே இடத்தில் வாசிக்கும், சத்தம் மட்டும் மேலேயோ கீழேயோ போகும். மைனஸ் நாலு வரும் வரை அமுக்கினேன். அவர் விரல் ஆறு கட்டையில் இருந்தது. சத்தம் நாலு கட்டைக்கு இறங்கியது. உடனே ஹெட்போன் ஒயரைப் பிடுங்கினேன். ஆர்மோனியம் கடை முழுக்க நிறைந்தது. இடது கையை வைத்தேன், டோலக் கிளம்பியது.

தொண்டை என்பது விசித்திரமான பொருள். தனக்கு ஏற்ற இடம் வந்துவிட்டால் உத்தரவு கேட்காது. அலமாரியின் பின்னாலிருந்து மூன்று பேரும் பாடிவிட்டார்கள். இத்தனை வருஷமும் இவர்கள் கத்திக்கொண்டிருந்தார்களே தவிரப் பாடவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அண்ணன் பேப்பரை இறக்கினார்.

சபாபதி சார் திரும்பிப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. வாசிப்பு நின்றது. என் டோலக் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கையை எடுக்க எனக்குத் தோன்றவில்லை.

"நீங்களா? எவ்வளவு நேரமா...? தோள் விஷயம்..."

"தோளுக்கு என்ன சார், துருத்தி இல்லாத பெட்டிதான் வந்துட்டுல்லா" என்றார் கோமதி அம்மா. "உங்களுக்காக நாங்களே ஒண்ணு பாக்கலாம்னுதான் வந்தோம். இந்தா, இந்த அண்ணனைக் கேளுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையாட்டினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு பலமாக ஆட்டியதில்லை.

"ஆனா சார், எங்களுக்கும் வயசாவுது. கொஞ்சம் கீழயே பாடுவோம். விரலை நீங்க மாத்தவே வேண்டாம், பெட்டியே பாத்துக்கிடுது."

சபாபதி சார் ஹெட்போனைக் கழற்றி வைத்தார். "உங்க விருப்பம்மா. ஆனா உங்க குரலுக்கு நாலு கட்டைங்கிறது அவமரியாதை" என்றார்.

கோஷ்டியின் பணத்தில் பெட்டி போயிற்று. அண்ணன் தன் பங்குக்கு ஸ்டாண்டைச் சும்மா கொடுத்தார். "பெட்டியோட இவனையும் கூட்டிகினு போங்க. இவனுக்கு எடது கைதான், அவருக்கு வலது கைதான். ரெண்டு பேரும் சேந்தா ஒரு ஆளு" என்றார். கிண்டலாகத்தான் சொன்னார். ஆனால் அப்படியேதான் நடந்தது. மார்கழி முதல் நாள் விடியலில் டவுன்ஷிப் கோயிலில் ஒரே கீபோர்டின் முன்னால் இரண்டு ஆண்கள் இடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். அவர் இடது கை ஆடாமல் இருக்க, கோமதி அம்மா அதில் ஒரு ஜால்ராவைக் கொடுத்து மடியில் வைக்கச் சொல்லிவிட்டார்.

மூன்றாவது பாட்டு முடிந்ததும் கரண்ட் போயிற்று. உடனே வந்தும் விட்டது. சபாபதி சார் அடுத்த பாட்டைத் தொடங்கிவிட்டார். இந்தப் பெட்டிகளுக்கு ஒரு குணம் உண்டு, சுவிட்ச் அணைந்து வந்தால் ட்ரான்ஸ்போஸ் பழையபடி சைபருக்குப் போய்விடும். அதே ஆறு கட்டை. பெண்கள் எல்லோரும் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார்கள். நான் பொத்தானுக்குக் கையைக் கொண்டுபோனேன்.

முன்வரிசையிலிருந்து கோமதி அம்மா மெதுவாகத் தலையை அசைத்தார். வேண்டாம் என்று.

"விடுங்கண்ணே. ஒரு பாட்டு" என்றார்.

பாடினார். கழுத்து நரம்பு புடைக்க, மேல் ஸ்தாயியில் அந்த இழுப்பையும் இழுத்தார். எறும்பு எதுவும் கடிக்கவில்லை. கோயில் புறாக்கள் ஒன்றுவிடாமல் பறந்தன. பாட்டு முடிந்ததும் யாரோ அவசரமாகத் தண்ணீர்ச் செம்பை நீட்டினார்கள்.

சபாபதி சார் என் பக்கம் திரும்பினார். கண்ணில் நீர்.

"பாத்தீங்களா தம்பி? நான் அன்னிக்கே சொன்னேன்ல? அந்தம்மாவுக்கு ஏத்த கட்டை ஆறுதான்."

நான் தலையாட்டினேன். ஆட்டிக்கொண்டே இடது கையால் மைனஸ் நாலு வரும் வரை அமுக்கினேன்.